பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி: இயற்பியல் 54, ஆங்கிலம் 52. விண்ணப்பிக்கலாமா?

பாலக்கோடு அண்ணன்

வணக்கம். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், உயிரியல்-கணிதம் குரூப். தமிழ் 86, ஆங்கிலம் 52, இயற்பியல் 54, வேதியியல் 61, உயிரியல் 74, கணிதம் 57. மொத்தம் 600-க்கு 384. நீட் எழுதவில்லை. நாங்கள் எம்பிசி. வீட்டில் யாரும் டிகிரி படித்ததில்லை, நான் பாலிடெக்னிக் டிப்ளமோ.

கண் பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் கண்டுபிடிக்கிற ஆப்டோமெட்ரிதான் படிப்பேன் என்கிறாள். இந்த மார்க்குக்கு விண்ணப்பித்தால் கிடைக்குமா? கிடைத்தாலும், இயற்பியலில் 54 எடுத்தவளால் அரியர் இல்லாமல் முடிக்க முடியுமா? ஒரு வருடம் விட்டு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பெங்களூரில் நேரடியாகச் சீட் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட்டும் போன் செய்துகொண்டே இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவுன்சலிங் உதவி, தருமபுரி

தம்பி, விண்ணப்பிக்கத் தேவையான மார்க் வேறு, சீட் விழுகிற மார்க் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுத்தான் பலர் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து உங்கள் தங்கைக்கு 300-க்கு 189, அதாவது 63 சதவீதம். விண்ணப்பிக்க இது போதும். சீட் விழுமா என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, நீங்களேதான் பார்க்க வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு சுற்றிலும் ஒதுக்கீட்டுப் பட்டியலை இணையத்தில் போடுகிறது. போன வருடப் பட்டியலை எடுத்து, எம்பிசி பிரிவில் ஆப்டோமெட்ரி சீட் கடைசியாக எந்தத் தரவரிசையில் போனது என்று பாருங்கள். முதல் சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே இருக்கிறவர்கள் வேறு படிப்புக் கிடைத்து விலகிப் போவார்கள், பட்டியல் நகரும். கடைசிச் சுற்றின் எண்தான் உங்களுக்கு வேண்டியது. எம்பிசி ஒதுக்கீடு 20 சதவீதம். அது போகப் பொதுப் பிரிவு 31 சதவீதத்திலும் அவள் பெயர் போட்டியிடும்.

பாராமெடிக்கல் பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம்தான். நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபி, ரேடியோகிராபி, ஆப்டோமெட்ரி எல்லாம் அதிலேயே வரும். அதனால் விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கவே தேவையில்லை, விண்ணப்பியுங்கள். யோசிக்க வேண்டிய இடம் கல்லூரி விருப்பப் பட்டியல். ஒரே கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று வருகிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அரசு ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிச் சீட்டும் வரும். அரசுக் கல்லூரிகளுக்குக் கீழே, கட்டணத்தைப் பார்த்து, அவற்றையும் வரிசையாகப் போடுங்கள். சேர மனமில்லாத கல்லூரியைப் போடாதீர்கள். அங்கே ஒதுக்கீடாகி, நீங்கள் சேராமல் விட்டால் அடுத்த சுற்றில் சிக்கல் வரும். அந்தந்த ஆண்டு விதி தகவல் கையேட்டில் இருக்கும், ஒரு வரி விடாமல் படியுங்கள்.

ஒரு வருடம் விடுவது பற்றி. தரவரிசை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் போடுகிறார்கள் என்றால், அடுத்த ஆண்டும் அதே 189-ஐத்தான் கொண்டு போவாள். எதையும் கூட்டாத ஒரு வருடம் அது. இப்போது கூட்ட முடிகிற ஒரே வழி விடைத்தாள். முதலில் ஸ்கேன் நகலுக்கு விண்ணப்பியுங்கள், கைக்கு வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள், அவர் சொன்னால் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேளுங்கள். நகல் வாங்காமல் நேரே மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. கால அவகாசம் சில நாள்தான், தேதியைத் தவறவிட்டால் முடிந்தது.

சான்றிதழ்களை இன்றே தொடங்குங்கள். இ-சேவை மையத்தில் போட்டால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும், கவுன்சலிங் சமயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். சாதிச் சான்றிதழ், வருமானம், முதல் பட்டதாரி மூன்றும் வேண்டும். நீங்கள் டிப்ளமோ என்பதால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தடையில்லை. நீங்கள் டிகிரி முடித்திருந்தால் கிடைத்திருக்காது. சாதிச் சான்றிதழில் இருக்கிற பெயரும் இன்ஷியலும் மார்க் ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், சரிபார்ப்பில் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அதற்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஒளியியல் வாத்தியார்

இரண்டாவது கேள்விக்கு, முடிக்க முடியுமா என்பதற்கு, நான் பதில் சொல்கிறேன். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி.

54 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பெரும்பாலான பள்ளிகளில் முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் அவள் எழுதி வாங்கியது 70-க்கு சுமார் 24. உயிரியலில் இதே கணக்கில் 44 வருகிறது. எனவே பயப்பட வேண்டியது இயற்பியலைப் பார்த்துத்தான். ஆனால் முழு இயற்பியலையும் பார்த்து அல்ல. மின்காந்தம், அணுக்கரு எல்லாம் இந்தப் படிப்பில் அவளைத் துரத்தி வராது. வருவது ஒளியியல். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் தொகுதியில் கதிர் ஒளியியல், அலை ஒளியியல் என்று இரண்டு பாடம் இருக்கிறதே, அதுதான் முதலாண்டு. அடுத்து காட்சி ஒளியியல், கண்ணாடி பொருத்தும் ஒளியியல், கான்டாக்ட் லென்ஸ் என்று எல்லாமே அதன் மேல்தான் ஏறும். இந்த அடித்தளம் ஆடினால் முதலாண்டில் விழுகிற அரியர் மூன்றாம் ஆண்டு வரை கூடவே வரும்.

அதனால் மார்க் ஷீட்டை மூடிவைத்துவிட்டுப் பத்து நாள் ஒரு சோதனை செய்யுங்கள். கதிர் ஒளியியலில் லென்ஸ் பகுதியை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். பிறகு கீழே இருப்பதைப் புத்தகம் பார்க்காமல் போடட்டும்.

குவியத்தூரம் 40 செ.மீ. உள்ள குவிலென்ஸின் பவர் எத்தனை டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு)? +3.00, −1.25 லென்ஸ் இரண்டையும் ஒட்டிவைத்தால் கூட்டுப் பவர் என்ன, குவியத்தூரம் என்ன? +6.00 லென்ஸுக்கு 25 செ.மீ. முன்னால் ஒரு பொருள், பிம்பம் எங்கே விழும்? கிட்டப்பார்வைக்காரருக்கு 50 செ.மீ.க்கு அப்பால் மங்கல், அவருக்கு என்ன பவர்? ஆறு மீட்டர் தூரத்தில் ஓர் எழுத்து கண்ணில் 5 நிமிடக் கோணத்தை உண்டாக்க வேண்டுமானால் அதன் உயரம் எவ்வளவு?

விடைகள் வரிசையாக: +2.50. கூட்டுப் பவர் +1.75, குவியத்தூரம் 57 செ.மீ. லென்ஸின் மறுபுறம் 50 செ.மீ. தூரத்தில். −2.00. சுமார் 8.7 மி.மீ. கடைசியாகக் கேட்டது, கண் மருத்துவமனைச் சுவரில் தொங்குகிற அட்டையின் 6/6 வரிதான், அதாவது இயல்பான பார்வைக்கான வரி.

இன்னொன்று பிளஸ் டூவில் கிடையாது. அதனாலேயே அதைக் கேட்கிறேன், புதிதாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறாளா என்று தெரியும். கண்ணாடிச் சீட்டில் −2.00 / −1.00 × 180 என்று இருப்பதை ப்ளஸ் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். முதல் எண் ஸ்பியர், அடுத்தது சிலிண்டர், கடைசி எண் ஆக்சிஸ். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்பியர். சிலிண்டரின் குறியை மாற்ற வேண்டும். ஆக்சிஸை 90 டிகிரி திருப்ப வேண்டும். விடை −3.00 / +1.00 × 90. இதை ஒரு தடவை காட்டிவிட்டு, +1.50 / −2.25 × 20 கொடுத்துப் பாருங்கள். −0.75 / +2.25 × 110 வர வேண்டும்.

இந்தத் தொழிலில் கணக்குப் பிழை தாளோடு நிற்காது, இன்னொருவர் கண்ணில் போய் உட்காரும். கண்ணுக்குள் ஒளி விட்டுப் பவர் பார்க்கிற ரெட்டினோஸ்கோப் பிடிக்கும்போது 67 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்தால் கிடைத்த பவரிலிருந்து 1.50 கழிக்க வேண்டும், 50 செ.மீ.க்கு வந்துவிட்டால் 2.00. கை நீளம் குறைந்தது தெரியாமல் 1.50-ஐயே கழித்தால் அரை டயாப்டர் தப்பு. −6.00 பவர்க்காரருக்கு இரு கண் பாவைகளுக்கு நடுவே 60 மி.மீ. இருக்க, கடையில் 66-க்கு வெட்டிப் பொருத்தினால் ஒரு கண்ணுக்கு 3 மி.மீ. விலகல். 0.3 செ.மீ. பெருக்கல் 6, ஒவ்வொரு கண்ணிலும் 1.8 பிரிசம் (ஒளி விலகும் அளவு), இரண்டும் சேர்ந்து 3.6. போட்டவர் தலைவலி என்று திரும்பி வருவார், பவர் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கண்ணாடியில் −8.00 போடுகிறவருக்குக் கான்டாக்ட் லென்ஸிலும் −8.00 கொடுக்கக் கூடாது. கண்ணாடி 12 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருப்பதால் கணக்குப் போட்டால் −7.30 வரும், −7.25 கொடுப்பார்கள். பாருங்கள், எல்லாம் எட்டாம் வகுப்புக் கூட்டல் பெருக்கல்தான். தினம் ஐம்பது பேருக்கு நடுவில் குறி மாறாமல் போட வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

ஆங்கிலம் 52-ஐ நான் இந்த அளவுக்குப் பயப்பட மாட்டேன், ஆனால் விட்டுவிடவும் மாட்டேன். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான், தேர்வும் ஆங்கிலத்தில்தான். விழித்திரை என்று படித்தவள் ரெட்டினாவின் பத்து அடுக்குகளையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கல்லூரி திறக்கும்வரை உயிரியல் புத்தகத்தின் ஆங்கில வடிவத்தைத் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படிக்கட்டும். இரண்டையும் பள்ளிக் கல்வித் துறையே இலவச பிடிஎஃப்பாகப் போட்டிருக்கிறது.

கண் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் கண்ணாடி போட்டிருந்தால் அது தடையே இல்லை. ஆனால் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஸ்லிட் லாம்ப்பில் ஆழம் தெரிய இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மாறுகண்ணோ சின்ன வயதிலிருந்து ஒரு கண்ணில் மங்கலோ இருந்தால் சேர்வதற்கு முன் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பாலக்கோடு அண்ணன்

ரொம்ப நன்றி சார். சான்றிதழ் மூன்றுக்கும் இன்றைக்கே இ-சேவையில் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன கணக்குகளை இன்று முதல் தொடங்குகிறாள்.

ஏஜென்ட் விஷயம்தான் குழப்பம். 25,000 டோக்கன் கட்டினால் சீட் உறுதி, இந்த வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்கிறார். கல்லூரி ஓசூர் தாண்டித்தான், தினமும் போய்வரலாம் என்றும் சொல்கிறார்.

ஓசூர் பேருந்து நிலையம்

அண்ணா, டோக்கன் கட்டாதீங்க. கவுன்சலிங் தேதி வர்றதுக்கு முன்னாடி அவசரப்படுத்துறதே, தேதி வந்துட்டா நீங்க அங்க போயிடுவீங்கன்னுதான். கட்டின பணத்துக்கு ரசீது கல்லூரி பேர்ல வராது, ஏஜென்ட் கையெழுத்துல ஒரு சீட்டு வரும். அதை வச்சுக்கிட்டு யார்கிட்டயும் திருப்பிக் கேக்க முடியாது.

பெங்களூரு கல்லூரியே கூடாதுன்னு சொல்லல. நல்ல கண் மருத்துவமனையோட சேர்ந்த கல்லூரிகள் அங்க இருக்கு. ஆனா நேரா போய்ப் பாருங்க. கர்நாடகத்துல பாராமெடிக்கல் கல்லூரிகள் பலதும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சவை. பல்கலைக்கழகத்தோட இணையதளத்துல அந்தக் கல்லூரி பேரும், அதுக்கு நேரா ஆப்டோமெட்ரியும் இருக்கான்னு பாருங்க. கல்லூரிக்கு அனுமதி இருக்கும், இந்தப் படிப்புக்கு இருக்காது. ஏமாத்துறது இந்த இடத்துலதான்.

கல்லூரிக்குப் போனா லேப்பைக் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போவாங்க. லேப்பை விடுங்க, ஓபி (புறநோயாளிப் பிரிவு) எங்கேன்னு கேளுங்க. கண் மருத்துவமனை அவங்களோடதா? ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி வர்றாங்க? எத்தனை ஸ்லிட் லாம்ப், அதுக்கு எத்தனை மாணவர்? இரண்டாம் வருஷ மாணவி யாரையாவது தனியா பிடிச்சு, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு பவர் பார்க்குற ரெஃப்ராக்‌ஷன் செஞ்சிருக்கம்மான்னு கேளுங்க. சோதனை லென்ஸ் வச்சிருக்குற ட்ரையல் செட் பெட்டியைத் திறந்தே பார்க்காத பொண்ணு இருந்தா திரும்பி வந்துடுங்க. கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப் எங்கே, உதவித்தொகை உண்டா, இல்ல நாமதான் காசு கட்டணுமான்னும் கேளுங்க. ஃபீஸை முதல் வருஷத்துக்கு மட்டும் சொல்வாங்க. மொத்த வருஷத்துக்கும் தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து எழுத்துல வாங்குங்க. ரெட்டினோஸ்கோப், கண்ணோட உட்பகுதியைப் பார்க்குற ஆஃப்தல்மோஸ்கோப் சொந்தமா வாங்கணுமான்னு தெரிஞ்சுக்கோங்க, இறக்குமதி கருவின்னா பத்தாயிரக்கணக்குல போகும்.

தினம் போய்வர்றது நடக்காதுண்ணா. ஓசூர்லேர்ந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், ஓசூர்க்காரங்க போய்வருவாங்க. பாலக்கோட்டுலேர்ந்து அது முடியாது. உங்களுக்கு ரயில் பாதை இருக்கு. ஆனா ஓபி போஸ்டிங் காலையிலேயே ஆரம்பிச்சுடும், ரயில் நேரம் அதுக்குத் தோதா இருக்காது. ஹாஸ்டல் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்க. சேலம், கோயம்புத்தூர் கல்லூரிக்கும் இதே கணக்குதான்.

கவுன்சலிங் உதவி, தருமபுரி

மேலே சொன்னதோடு இன்னும் கொஞ்சம். கடன் வேண்டுமானால் 4 லட்சம் வரை மார்ஜின் பணம் (நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கேட்க மாட்டார்கள், 7.5 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, உங்கள் ஊர் வங்கிக் கிளைக்கு அந்த எண்ணோடு போங்கள். ஏஜென்ட் வழியாகச் சேர்ந்த சீட்டுக்கு வங்கிகள் தயங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெயின் ரோட்டில் மாடியில் போர்டு மாட்டியிருக்கும் "ஆப்டோமெட்ரி டிப்ளமோ" நிலையங்களில் விசாரிக்காமல் சேர்த்துவிடாதீர்கள். பார்வைப் பரிசோதனைப் படிப்புகள் 2021-ன் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி 2025-ல் சொல்லிவிட்டது. வாரக் கடைசியில் மட்டும் வந்தால் போதும் என்கிற எதுவும் பின்னால் பதிவுக்கு உதவாது. அரசு வேலை நினைப்பு இருந்தால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கண் மருத்துவ உதவியாளர் பணிக்கு முன்பு வெளியிட்ட அறிவிப்பை எடுத்து, எந்தப் படிப்பின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அறிவிப்பில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், படிப்பு நல்லதாக இருந்தும் பயனில்லை.

கவுன்சலிங்கில் கிடைக்காமல் போனாலும் வழி இருக்கிறது. கண் மருத்துவ நிறுவனங்கள் சில, சேர்க்கையைத் தாங்களே நடத்துகின்றன. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் இருக்கிறது. அதற்கு விண்ணப்பத் தேதி தனி, பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருந்தால் அந்தத் தேதி தாண்டிவிடக்கூடும். அரவிந்த் கண் மருத்துவமனை பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து வேலையும் தருகிறது. அது டிகிரி இல்லை, பின்னால் எம்.ஆப்டம் (முதுகலை) போக முடியாது. ஆனால் வீட்டில் உடனே வருமானம் தேவை என்றால் நல்ல வழி.

பாலக்கோடு அண்ணன்

ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போன வருடப் பட்டியலையும் பார்த்தோம், கடைசிச் சுற்றை வைத்துப் பார்த்தால் எல்லையில் நிற்கிறாள். விண்ணப்பம் போடுகிறோம்.

வாத்தியார் சார், பத்து நாள் ஆகிவிட்டது. நீங்கள் கொடுத்த ஐந்தில் மூன்று சரி. சிலிண்டர் மாற்றுகிற கணக்கு இரண்டாம் தடவையே சரியாகப் போட்டுவிட்டாள். +6.00 லென்ஸ் கணக்கில் 10 செ.மீ. என்று வந்தது. எழுத்து உயரத்தைத் தொடவே இல்லை.

ஒளியியல் வாத்தியார்

10 செ.மீ. எப்படி வந்தது என்று எனக்குத் தெரிகிறது. 25 செ.மீ. என்பதை 4 டயாப்டராக மாற்றியிருக்கிறாள், அது சரி. ஆறையும் நாலையும் கூட்டிப் பத்தாக்கி, 100-ஐ அதனால் வகுத்திருக்கிறாள். பொருள் லென்ஸுக்கு இடப்பக்கம் இருப்பதால் அந்த 4-க்கு முன்னால் மைனஸ் வர வேண்டும். −4 கூட்டல் 6, விடை +2, அது 50 செ.மீ. ஒரே ஒரு குறிதான் தப்பியிருக்கிறது. முறை புரியாதவள் 10 கூடப் போட்டிருக்க மாட்டாள், 25-ஐயும் 6-ஐயும் பெருக்கிவைத்திருப்பாள். சிலிண்டர் கணக்கு இரண்டாம் தடவையே வந்ததும் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் பிழையோடு வருகிற பிள்ளையைத் தேற்றிவிடலாம், தயங்காமல் சேருங்கள்.

ஒவ்வொரு கணக்கிலும் முதலில் ஒரு கோடு, நடுவில் லென்ஸ், இடமிருந்து வலமாக ஓர் அம்பு வரையட்டும். ஒளி போகிற திசையில் அளந்தால் ப்ளஸ், எதிர்த்திசையில் அளந்தால் மைனஸ். படம் வரையாமல் எண்ணைத் தொடக் கூடாது. எழுத்து உயரத்துக்குக் கோணத்தின் டேன் மதிப்பு வேண்டும். 5 நிமிடம் என்பது ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதன் டேன் 0.00145. 6000 மி.மீ.யால் பெருக்கினால் வந்துவிடும். கணிதம் 57 எடுத்தவளுக்கு இது எட்டும், நிமிடம் என்ற சொல்லைப் பார்த்துத்தான் தொடாமல் விட்டிருப்பாள். அதே முறையில் 6/60 எழுத்தின் உயரத்தையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், 87 மி.மீ. வர வேண்டும்.

பொருளை 20, 40, 50, 100 செ.மீ. என்று மாற்றி மாற்றி, +5.00 லென்ஸுக்கும் −5.00 லென்ஸுக்கும் பிம்பம் எங்கே என்று எட்டுக் கணக்குப் போடட்டும். +5.00 லென்ஸுக்கு 20 செ.மீ.யில் வைக்கும்போது பூஜ்யம் வரும், அங்கே குழம்புவாள். பூஜ்யம் வந்தால் கதிர்கள் இணையாகப் போகின்றன என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவளே கண்டுபிடிக்கட்டும். தப்பு வந்தால் விடையை மட்டும் எழுதாமல், போட்ட வரிகள் முழுவதையும் இங்கே எழுதுங்கள். எந்த வரியில் தப்பியது என்று பார்த்துச் சொல்கிறேன்.